தட்டு மரியாதை பார்க்காது

அந்தக் கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் இரண்டு ரகம். காற்றுக்கு ஒதுங்க வந்து, வந்த பாவத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு ரகம். சாப்பிடவே வந்து, போகும்போது காற்றைத் திட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு ரகம். கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மூன்றாவது தெருவில், சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது கடை. கதவைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகுதான் ஆள் வருவார். கை துடைக்கும் காகிதம் பறக்காமலிருக்க ஒவ்வொரு மேஜையிலும் அடுக்கின்மேல் ஒரு கூழாங்கல் இருக்கும். மாதம் தவறாமல் எண்ணெய் விட்டும் கதவுக் கீலைத் துரு விடுவதாக இல்லை. ஒன்பது மேஜைகள். அதில் இரண்டு ஆடும். ஆடுகிற மேஜையில் யாரை உட்கார வைப்பது என்பது அக்காவுக்கு மட்டுமே தெரிந்த வித்தை.

அக்கா என்பது அங்கே பரிமாறுகிறவள். கடைக்குச் சொந்தக்காரியும் அவள்தான். காய்கறி போடுகிறவன் தொடங்கி வைத்தது, கடைசியில் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சோறு போடுகிற இடத்தில் வயதைப் பார்த்தால் ஆகுமா என்று விட்டுவிட்டாள்.

சுவரில் சின்னக் காரம், நடுக் காரம், பெரிய காரம் என்று மூன்று அளவு எழுதிப் போட்டிருந்தது. அக்கா அதை நம்புவதில்லை. ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே சொல்லுவாள். ஜோடியாக வந்து பெரிய காரம் கேட்கிற பையன்களில் பாதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்காகக் கேட்கிறவர்கள். அவர்களுக்கு நடுக் காரத்தைக் கொடுத்துவிட்டு, "இதுதான் இருக்கிறதுலயே பெருசு தம்பி, பார்த்து" என்பாள். அவன் கண் கலங்காமல் சாப்பிட்டு முடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான். அப்படிச் சாப்பிட்டவர்களில் மூன்று ஜோடிகள் பிற்பாடு குழந்தை குட்டியோடு வந்ததைப் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு சகோதரிகள் வருவார்கள். ஒரு மீன் குழம்பை வாங்கி வைத்துக்கொண்டு, தலைத்துண்டு யாருக்கு என்று எழுபது வயதில் சண்டை போடுவார்கள். சோற்றைக் கரண்டியால் எடுப்பதா கையால் எடுப்பதா என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்க்கிறவர்கள் வருவார்கள். அக்கா அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொண்டு தன் தட்டில் இரண்டு வாய் கையால் பிசைந்து சாப்பிடுவாள்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் ஒரு சதுரத் திறப்பு இருந்தது. வலது பக்கம் சாப்பாடு வெளியே வரும். இடது பக்கம் எச்சில் தட்டு உள்ளே போகும். மற்ற கடைகளில் தட்டு நேரே கழுவும் தொட்டிக்குப் போய்விடும். இங்கே அப்படிப் போகாது. முதலில் மாஸ்டர் பார்க்க வேண்டும்.

மாஸ்டர் அக்காவின் புருஷன். ஊருக்கெல்லாம் மாஸ்டர் என்பதால் கதைக்கும் அதுவே போதும். சமைக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அது தன் நாக்கு, தனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லும் என்பார். கட்டினவள் நாக்கு கணக்கிலேயே சேராது, விஷத்தைக் கொடுத்தாலும் பரவாயில்லைங்க என்று சொல்லும். பின்னே யாரைக் கேட்பது? தட்டைத்தான்.

"சாப்பிட்டவன் வாய் மரியாதைக்குப் பேசும். தட்டு மரியாதை பார்க்காது" என்பது அவர் வேதம். சோறு மிச்சம் இருந்தால் குழம்பு போதவில்லை. குழம்பு மிச்சம் இருந்தால் குழம்பில் கோளாறு. இரண்டும் மிச்சம் இருந்தால் அவர்கள் வீட்டில் சண்டை, நாம் கவலைப்பட வேண்டியதில்லை. துண்டைக் கடித்து வைத்திருந்தால் வேகவில்லை. ஒதுக்கி வைத்திருந்தால் வெந்தது அதிகம். இப்படியே இருபத்தெட்டு வருஷம் கூடத்துக்கு வராமலேயே கூடத்தில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆளைப் பார்க்காமலே தட்டை வைத்து, "உன் சகோதரிங்க வந்திருக்காங்க போல, இன்னைக்குத் தலை அக்காக்காரிக்கு" என்பார். புதன்கிழமை மதியம் துறைமுகத்து கிரேன்காரர் தட்டு வந்தால் சொல்லவே வேண்டியதில்லை. குழம்பிலிருக்கும் கருவேப்பிலையை ஒன்றுகூட விடாமல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிற மனிதர் அவர். பதினோரு வருஷமாக அந்த வரிசையில் ஒரு இலை கோணியதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. மாஸ்டர் ஒன்பது நாள் படுத்தார். கடைக்கு மேலேயே வீடு, மூன்று அறை. பத்தாம் நாள் காலை படியிறங்கி வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டபோது அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு வாரம் பிழையில்லாமல் போனது. அதற்கடுத்த வாரம், மேஜைகளில் தண்ணீர் ஜாடி சீக்கிரம் சீக்கிரம் காலியாவதை அவள் கவனித்தாள். மூன்று மணிக்குத் தானும் ஒரு வாய் எடுத்து வைத்தாள். உப்பு.

கரிக்கிற அளவுக்கு இல்லை. ஆனால் இருக்க வேண்டியதற்குக் கூட. காய்ச்சலில் கை தளர்ந்திருக்கும், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அன்றைக்கு மிச்சம் வந்த தட்டுகள் ஏழு. அவற்றைத் தூக்கிக்கொண்டு திறப்பை நோக்கி நடந்தவள் பாதியில் நின்றாள்.

நின்றதற்குக் காரணம் பழையது. கல்யாணமான புதிதில் மாஸ்டர் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தார். அங்கே தலைமைச் சமையல்காரருக்கு வயதாகி, மிளகாய் போட்டதை மறந்து மறுபடியும் போடுவார். சின்னப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது மாஸ்டர் அவளிடம் சொன்னார், தனக்கு நாக்கோ கையோ போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன், யாராவது சொல்கிறவரை நிற்க மாட்டேன் என்று. அவர் சொன்னால் செய்கிற ஆள். சிகரெட்டை அப்படித்தான் ஒரே நாளில் விட்டார். கரண்டியையும் வைத்துவிட்டால் அந்த மனிதனுக்கு வேறு என்ன இருக்கிறது? சீட்டாடத் தெரியாது, சினிமா பிடிக்காது, ஞாயிற்றுக்கிழமை அரைநாள் சும்மா இருந்தால் ஆணியில்லாத இடத்தில் ஆணி அடிக்கிறவர். அடுப்பை விட்டு இறங்கினால் ஆறு மாதத்தில் ஆளே உருக்குலைந்துவிடுவார் என்று அவள் பயந்தாள். பயம் வந்தால் புத்தி குறுக்கு வழியில்தான் போகும்.

கை கழுவும் இடத்தில் ஒரு திரை உண்டு. அதன் பின்னால் ஒரு நீல வாளியை வைத்தாள். தட்டில் மிச்சமிருந்ததை அதில் வழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நீட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, வேலையைச் சுத்தமாகச் செய்தாள். எல்லாத் தட்டும் பளிச்சென்று போனால் சந்தேகம் வரும் என்று, ஒன்றில் ஒரு வாய்ச் சோறு, ஒன்றில் ஒரு எலும்பு என்று பார்த்துப் பார்த்து விட்டுவைத்தாள். கிரேன்காரர் தட்டில் கருவேப்பிலை வரிசையைக் கலைக்காமல், தேக்கரண்டியால் சுற்றி வந்து குழம்பை மட்டும் எடுத்தாள். மேஜைக்கு ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்து வைத்தாள். இது எதற்கு என்று கேட்டவர்களிடம் கடையின் புது உபசாரம் என்றாள். தயிர் பாதி உப்பை வாங்கிக்கொண்டது. மீதியை வாளி வாங்கிக்கொண்டது. பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு மட்டும் அது பொற்காலம்.

நாலு நாளில் சரியாகவில்லை. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. சகோதரிகள் இரண்டு செவ்வாய் வரவில்லை. மதியத்தில் ஒன்பது மேஜையில் ஐந்து காலியாக இருந்தது. கூட்டம் குறைந்திருக்கே என்று மாஸ்டர் உள்ளிருந்து கேட்டார். காற்று பலமாக இருக்கிறது, யார் வெளியே வருவார்கள் என்றாள். அவர் திறப்பில் வந்த தட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். வந்தவரை நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், அது போதும் என்றார். அவள் அங்கே நிற்காமல் போய் ஒரு மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேஜை.

இரண்டு மாதம் போனது. கிரேன்காரருக்கு வேலையிலிருந்து ஓய்வு. கூட வேலை பார்த்த இருபத்திரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தக் கடையில் சாப்பாடு என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். அதற்கு முந்தின புதன்கிழமை அவர் வழக்கம்போல் வந்து சாப்பிட்டார். அதே நேரம் இரண்டு மேஜை எழுந்தது. ஒரு குழந்தை தண்ணீர் ஜாடியைத் தட்டிவிட்டது. அக்கா ஒரு கையில் துணியும் ஒரு கையில் தட்டுகளுமாகத் திரைக்குப் பின்னால் ஓடி, அவசர அவசரமாக எல்லாவற்றையும் வழித்து உள்ளே தள்ளினாள்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு திறப்பில் மாஸ்டர் முகம் தெரிந்தது.

"கிரேன்காரர் வரலையா?"

"வந்தாரே. இப்பதான் எந்திரிச்சுப் போறார்."

"இது அவர் தட்டா?"

"ஆமா."

"கருவேப்பிலை எங்க?"

அவள் ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்தாள். "இன்னைக்குச் சாப்ட்டுட்டார் போல" என்றாள்.

மாஸ்டர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தார். ஆட்கள் சாப்பிடும்போது அவர் கூடத்துக்கு வந்ததே கிடையாது. நேராகத் திரையை விலக்கினார். வாளியைப் பார்த்தார். எவ்வளவு நேரம் தட்டைப் பார்ப்பாரோ அதைவிட நேரம் வாளியைப் பார்த்தார். பிறகு திரையை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போய், பாக்கியிருந்த நாலு ஆர்டரையும் முடித்துக் கொடுத்தார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அவர் வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல் விட்டு ஒரு ரெண்டு வாரத்துல இருந்து."

"என்ன கோளாறு?"

"உப்புங்க."

"கூடவா, கொறைச்சலா?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்குச் சுருக்கென்றது. அதே குழம்பைத்தானே தினமும் மூன்று மணிக்கு இவரும் சாப்பிட்டார்? கூடவா குறைச்சலா என்று ஒரு சமையல்காரர் கேட்பாரா?

"உங்களுக்குத் தெரியலையா?"

மாஸ்டர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் வாயில ஒண்ணுமே தெரியல. உப்பு இல்ல, புளி இல்ல, காரம் இல்ல. எதைத் தின்னாலும் வெந்நீர் குடிச்ச மாதிரி இருக்கு. வாசனையும் போச்சு."

"டாக்டர்கிட்ட..."

"போனேன். வெங்காயம் வாங்கிட்டு வரேன்னு போனேனே, அன்னைக்கு."

அவளுக்கு நினைவிருந்தது. வெங்காயம் இல்லாமல் திரும்பி வந்தார். மார்க்கெட் மூடியிருந்தது என்றார். நடுப்பகலில் எந்த மார்க்கெட் மூடும் என்று அவள் வாய்க்கு வந்தபடி பேசினாள். டாக்டர் என்ன சொன்னார் என்று இப்போது கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம், ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்றாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடுப்பை விட்டு இறக்கியிருப்ப."

"நானா? தெரிஞ்சா நீங்களே இறங்கிடுவீங்கன்னுதான் நான் இந்தப் பாடு பட்டேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷக் கை அளவு இருக்கிறதே, அதன்படி போட்டிருக்கலாமே என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த மழைக் காத்துல உப்பு ஒரு நாள் கட்டியா இருக்கும், ஒரு நாள் தண்ணி விடும். கை சும்மா அள்ளும், நாக்குதான் திருத்தும். நாக்கு போனப்புறம் கை மேல நம்பிக்கை இல்ல. கொறைஞ்சிருக்குமோ, சப்புன்னு இருக்குமோன்னு ஒரே பயம். அதனால ஒரு சிட்டிகை கூடப் போட்டேன். தட்டு சுத்தமா வந்துச்சு. சரின்னு இன்னொரு சிட்டிகை. அதுவும் சுத்தம். எனக்குத் தட்டை விட்டா வேற யாரு இருக்கா? அது சொல்றப்ப நிறுத்திக்கலாம்னு இருந்தேன்." அவர் அவளைப் பார்த்தார். "சொல்லவே இல்ல."

அக்காவுக்கு அழுகை வந்தது. கண் தெரியாத மனிதன் கோலை ஊன்றி நடக்கிறான், ஐயோ பாவம் கனக்குமே என்று அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டவள் மாதிரி ஆகிவிட்டதே என்று இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அவர் கோபமில்லை என்றார். எழுந்து ஏப்ரனை அவிழ்த்தார், நாலாக மடித்தார், திறப்பில் வைத்தார்.

"போர்டைத் திருப்பி வை. இனிமே வேணாம்."

வியாழனும் வெள்ளியும் கடை திறக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்து உடம்புக்கா என்று விசாரித்தார். அடுப்பில் பழுது என்று அக்கா சொன்னாள். அது ஒன்றும் முழுப் பொய்யில்லை. மாஸ்டர் மேலே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் இரண்டு தடவை முகச்சவரம் செய்தார். ஒரு கிலோ பூண்டை உரித்துக் கிண்ணத்தில் போட்டு வைத்தார், யாருக்கு என்று தெரியவில்லை. வெளியூரிலிருக்கும் மகள் போனில் கூப்பிட்டபோது, நன்றாக இருக்கிறேன், அம்மாவிடம் பேசு என்று கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவே சமைத்தாள். கடை முழுக்க அவள் ராஜ்ஜியம் என்றாலும் அடுப்பு மட்டும் அவளுக்கு அடங்காது. அவள் வைத்தால் சுடுதண்ணீரும் அடிப்பிடிக்கும் என்று மாஸ்டர் கேலி செய்வார். கல்யாணமான வருஷத்தில் அவள் சமைத்த சாம்பாரைப் பற்றி அவர் சொல்லாத ஆளில்லை. அன்றைக்கும் யோசனையில் சோற்றைத் தீய விட்டாள். வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். ஜன்னலைத் திறந்தும் போகவில்லை. வேறு வழியில்லாமல் அதையே மேலாக எடுத்துப் பரிமாறினாள். அவருக்கு வாசனை தெரியாது என்பதையே மறந்து, இப்போது ஏதாவது சொல்லுவார், சொல்லட்டும் என்று எதிரில் உட்கார்ந்தாள். மாஸ்டர் பிசைந்தார், ஒரு வாய், இரண்டு வாய் என்று அமைதியாகச் சாப்பிட்டார்.

"அடிப்பிடிச்சிருச்சுங்க" என்றாள்.

"அப்படியா?" என்றார் மாஸ்டர்.

அவள் தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி எழுந்து போய், பின்கட்டில் துணி காயப்போடுகிற இடத்தில் நின்று அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து வாங்கிய கேலியெல்லாம் எவ்வளவு பெரிய சொத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை கிரேன்காரர் வந்தார். நாளைக்கு இருபத்திரண்டு இல்லை, இருபத்து நாலு பேர் என்று சொல்ல வந்தவர், திருப்பி வைத்திருந்த போர்டைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். அக்கா அவரை உட்கார வைத்து ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. உப்பு கூடியிருந்தது அவருக்கு இரண்டு மாதமாகத் தெரியுமாம். திரைக்குப் பின்னால் அவள் வழித்ததையும் ஒருநாள் பார்த்தாராம். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ ஏற்பாடு, நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று தயிரைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போனாராம். அவர் மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று மேலே போனார். அக்கா டீ போட்டு எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் பேச்சுக் குரல் கேட்டு நின்றுவிட்டாள்.

வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கில்லாதவன் கையால் நல்ல நாளில் சாப்பிடக் கூடாது என்றார். கிரேன்காரர் அதற்கு நேரே பதில் சொல்லவில்லை. தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேலே நாற்பது மீட்டரில் கூண்டுக்குள் உட்கார்ந்தால் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றார்.

"கொக்கி எங்க இறங்குது, பெட்டி எங்க நிக்குது, ஒண்ணும் தெரியாது மாஸ்டர். கீழ ஒருத்தன் நின்னு கை காட்டுவான். இறக்கு, நிறுத்து, தூக்கு. அவன் கையைப் பார்த்துத்தான் முப்பத்தோரு வருஷமும் இறக்கினேன். என் கண்ணு என் தலையில இல்ல, கீழ நின்னவன்கிட்ட இருந்துச்சு."

"உங்க ஆளு ஒழுங்கா கை காட்டினான்."

"ஆரம்பத்துல ஒரு பையன் வந்தான். நான் கோச்சுக்குவேன்னு பயந்து, கோணலா இறங்கினாலும் சரி சரின்னு காட்டுவான். ஒரு நாள் ஒரு பெட்டி போய்ச் சுவர்ல மோதுச்சு. நல்லவேளை ஆள் யாரும் இல்ல. கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசினேன். அப்புறம் பத்தொம்பது வருஷம் அவன்தான் எனக்குக் கை காட்டினான். நாளைக்குச் சாப்பிட வரான்."

படியில் நின்றவள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"என் ஆளும் பொய்யாத்தான் கை காட்டிட்டா" என்றார் மாஸ்டர் கடைசியில்.

"அப்போ வேற ஆளைப் போட்டுக்கோங்க."

"வேற ஆள் கிடையாது எனக்கு."

அக்கா ஆறின டீயோடு சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனாள். மறுபடியும் சூடு பண்ணி, இந்தத் தடவை படியில் காலை ஓங்கி வைத்து ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கீழே ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. அவள் இறங்கிப் பார்த்தபோது மாஸ்டர் ஏப்ரன் கட்டியிருந்தார். மீன்காரரிடம் நின்று செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உரித்து வைத்த பூண்டு முழுவதும் அடுப்படிக்கு வந்திருந்தது. அவளிடம் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. மேஜைகளைச் சேர்த்துப் போடு, இருபத்து நாலு பேர் என்று மட்டும் சொன்னார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடுமோ என்றிருந்தது.

மேஜைத் துணி விரித்துக்கொண்டே திறப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிப்பதை அவர் காது பார்த்துக்கொண்டது. வெங்காயம் சிவப்பதையும் எண்ணெய் பிரிவதையும் கண் பார்த்துக்கொண்டது. மீன் வெந்ததா என்பதற்கு விரல் போதும். அடுப்பு முன்னால் நிற்கிற அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. சாமி, இந்த முதுகு இப்படியே நிற்கட்டும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்குக் கூப்பிட்டார். ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி நீட்டினார்.

"பாரு."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. கடலை அப்படியே காய்ச்சி வைத்த மாதிரி உப்பு. தயிர் ஊற்றிச் சரி செய்கிற உப்பில்லை இது.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குளித்து, தலை வாரி, ஏப்ரனைத் துவைத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இருபத்து நாலு பேருக்கான மீன் அத்தனையும் இதில் போய்விட்டது. அரை மணியில் ஆட்கள் வந்துவிடுவார்கள். மூன்று நாள் கழித்து இன்றைக்குத்தான் கரண்டியைத் தொட்டிருக்கிறார். சரியில்லை என்று சொன்னால் அதைக் கீழே வைப்பார், இனி எடுக்கவே மாட்டார். பரவாயில்லைங்க என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நல்லா இல்ல" என்றாள்.

"என்ன நல்லா இல்ல?"

"உப்பு. வாயில வைக்க முடியல." கிண்ணத்தைத் தள்ளிப் பிடித்தாள். "இதை யாருக்கும் போட முடியாதுங்க. நான் போட மாட்டேன். அத்தனையும் கீழ கொட்டணும். நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க."

மாஸ்டர் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கித் தொட்டியில் கொட்டினார். பிறகு சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை. ஓரத்து அடுப்பிலிருந்த பெரிய சட்டியின் மூடியைத் தூக்கினார். ஆவி எழுந்தது.

"அந்தக் கிண்ணத்துல மட்டும் வேணும்னே அள்ளிப் போட்டேன். இதுல இன்னும் உப்பே போடல."

அக்காவுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இந்த வயசுல எனக்குப் பரீட்சையா? உயிரே போயிருச்சு எனக்கு."

"எனக்கும்தான். நீ வாயைத் திறக்கிற வரைக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் உப்பு ஜாடியைத் திறந்தார். முதல் பிடியைப் போட்டுக் கிண்டி, கரண்டியில் எடுத்து ஊதி அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். பத்தாது என்றாள். இன்னொரு பிடி. இன்னும் என்றாள். அடுத்தது அரைப் பிடி. புளி முன்னால் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் போடலாம் என்றாள். புளியைப் பற்றியெல்லாம் பேசுகிறாளே என்று அவர் ஒரு புருவத்தைத் தூக்கினார், ஆனால் போட்டார். வெளியே கதவு திறந்து காற்று வந்தது, அதன் பின்னால் ஆட்கள் பேசிக்கொண்டு நுழைகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையை நக்கிவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். அதற்குள் அவர் விரல் அடுத்த சிட்டிகையை எடுத்திருந்தது.

"போதும்" என்றாள்.

சட்டிக்கு மேலே வந்திருந்த கை அப்படியே நின்றது. நிச்சயமா என்று அவர் கேட்கவில்லை. விரலிடுக்கிலிருந்த உப்பைத் திரும்ப ஜாடியில் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தார்.